கிராணி ஐயா வீட்டு சோபா உறைகள்

1. பிரிக்கும் வேலை

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த குஷன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நேராகத் தையல் மெஷினில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கடை முதலாளி ஆ செங் தவுக்கே என் கையில் ஒரு பிளேடைக் கொடுத்து மூலையைக் காட்டினார். அங்கே பழைய சோபா உறைகள் குவியலாகக் கிடந்தன. தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கிழியாமல் எடுத்து அடுக்க வேண்டும். அந்தப் பழைய துண்டுகளை அளவாக வைத்துத்தான் புதுத் துணியை வெட்டுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மணியம் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தார். எனக்குத் தைக்கத் தெரியும் என்பதால் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகாமல் டவுனுக்கு வந்தேன். மூன்று வாரம் பிரிப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இல்லை. பிரிக்கப் பிரிக்க ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தையலுக்கு உள்ளே மடிந்து கிடக்கும் அரை அங்குலத் துணி, வாங்கிய நாளில் இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கும். வெளியே அதே துணி வெளிறிக் கிடக்கும். ஒரே துணி, ஒரே வயது. ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் காய்ந்த வாழைச் சருகு. இந்த நிறம் எங்கேதான் போகிறது என்று தவுக்கேயிடம் கேட்டேன். அவர் சீனர், எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர்.

“தங்கச்சி, வெயில் கலர் சாப்பிடும். அப்புறம்தான் நாம சோறு சாப்பிடும்” என்றார்.

வியாபாரத்துக்கு அது சரியான பதில். ஆனால் என் கேள்வி போகவில்லை. பிரித்த துணிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். எல்லா நிறமும் ஒரே மாதிரி வெளிறுவதில்லை. கறுப்பு பழுப்பாகும். நான் பார்த்த பச்சைகளில் பல முதலில் மஞ்சளாகித்தான் பிறகு சாம்பலாயின. பச்சை என்பது நீலமும் மஞ்சளும் சேர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்தத் துணிகளில் பச்சை முழுதாகப் போகவில்லை, நீலம் மட்டும் எழுந்து போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. போன நீலத்தை மட்டும் திருப்பி ஊற்றினால் பச்சை வந்துவிடுமா? கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியோடு ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் மெஷினுக்கும் வந்துவிட்டேன்.

2. இதே துணிதான்

ஒரு நாள் காலை புவனேஸ்வரி அம்மா கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய கணவர் கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது ஆபீஸ் தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தஞ்சோங் காராங் சாலையில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கடையில் எல்லாரும் அவரைக் கிராணி ஐயா என்றே சொல்வார்கள். அந்த அம்மா இரண்டு பெரிய பைகளில் சோபா உறைகளைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். வீட்டில் கார் இருந்தும் ஏன் பஸ் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்து போனது.

கைப்பிடியையும் மூடி, தரை வரைக்கும் தொங்கும் தடித்த காட்டன் உறைகள் அவை. ஒரு காலத்தில் கரும்பச்சை. இப்போது மஞ்சளும் சாம்பலும் கலந்து, சிமெண்டுத் தரையின் நிறத்துக்கு வந்திருந்தது. தவுக்கே தொட்டுப் பார்த்தார். துணி நல்ல துணி, ஆனால் பார்வைக்குச் செத்துப்போச்சு என்றார். புதிதாக வந்திருந்த, தோல் மாதிரி இருக்கும் வைனில் ரோல்களை இழுத்துக் காட்டினார். அந்த அம்மா எதையும் தொடவில்லை. துணியை மாற்றக் கூடாது, இதே துணிக்கு நிறம் மட்டும் போட்டுத் தர முடியுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அது குஷன் கடை வேலை இல்லை என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். எனக்கு மெஷினில் கை ஓடவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி பின்வாசலால் போய் அவரைப் பிடித்தேன். சாயம் போட்டு எனக்குப் பழக்கமில்லை, ஆனால் போட்டுப் பார்க்க ஆசை என்று உள்ளதைச் சொன்னேன். கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். இப்போது மட்டும் என்ன நல்லாயிருக்கிறது என்று அவர் லேசாகச் சிரித்தார்.

என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.

“எந்த நிறமெண்டாலும் பரவாயில்லை, பிள்ளை. கடும் நிறமா இருக்கோணும். எங்கடை சீமெந்து நிலத்தோடை ஒட்டிப் போகக் கூடாது. அவ்வளவுதான்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, உறைகளைத் துவைக்கக் கொடுத்திருப்பதாகத்தான் ஐயாவிடம் சொல்லியிருப்பதாகவும், அடுத்த வாரத்துக்குள் வேண்டும் என்றும், தடவிப் பார்த்தால் பழைய துணி மாதிரியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சோபா உறைக்கு நிறம் கேட்டு வருகிற பெண்கள் எல்லாரும் திரைச்சீலைக்குப் பொருந்துமா, சுவருக்குப் பொருந்துமா என்று கேட்பார்கள். தரையோடு ஒட்டக் கூடாது என்று கேட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தடவிப் பார்ப்பது யார் என்பதும் புரியவில்லை. பஸ் வந்துவிட்டது. பைகள் என் கையில் இருந்தன.

3. புளிப்புத் தண்ணீர்

கிள்ளானில் பட்டிக் துணிக்குச் சாயம் போடும் வேலைக்காரர்கள் வாங்கும் கடை ஒன்று இருந்தது. சூடாக்காத தண்ணீரிலேயே பிடிக்கும் சாயத்தூள் அங்கே கிடைக்கும். மணியம் அங்கே போய் நீல டப்பாக்கள் வாங்கி வந்தார். பச்சைத் துணிக்கு எதற்கு நீலம் என்று கடைக்காரர் கேட்டாராம். “என் சம்சாரம் சொன்னா வாங்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முறை சுலபமானது. சாயத்தூளைக் கரைத்து, உப்பைப் போட்டு, நனைத்த துணியை அதில் விட்டுக் கிண்ட வேண்டும். சாயம் துணிக்குள் இறங்கிய பிறகு சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும். சோடா அதைப் பிடித்துக் கட்டும். பிறகு அலசினால் போகாது.

ஜன்னல் பக்கத்துக் கைப்பிடி உறையில், அடிமடிப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டிச் சோதித்தேன். மஞ்சள் சாம்பல் துணியில் நீலம் ஏறினதும் கண் முன்னால் அது பச்சையாகியது. நான் தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஒரு வருடத்துக் கேள்விக்குத் துணியே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

அலசும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. முதல் தண்ணீரில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம் என்று நீலம் கழன்று, நான்காவது தண்ணீரில் பழைய சாம்பல் திரும்பி வந்துவிட்டது.

முதலில் சோடா பழையதோ என்று நினைத்தேன். புது சோடாவில் போட்டேன், அதுவும் கழன்றது. பிறகு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. மணியம் ஸ்டோரிலிருந்து காலி பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாதியாக அறுத்துக் கொடுத்திருந்தார். ரப்பர் பாலை உறைய வைக்கும் எசிட், அதாவது அமிலம், வந்த டிரம் அது. அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். கழன்றது. டிரம்மே வேண்டாம் என்று சோற்றுச் சட்டியில் ஒரு துண்டைப் போட்டேன். அதிலும் கழன்றது. மூன்று நாள் போய்விட்டது. எங்கள் கிண்ணத்தில் சோறு நீலமாக வருமா என்று மணியம் கேட்டார்.

நான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றாதது என்ன என்று யோசித்தேன். தண்ணீர். எங்கள் தோட்டம் கறுப்பு மண் பூமி. இலையும் வேரும் மட்கி உண்டான மண். குழாய்த் தண்ணீரே தேத்தண்ணீர் நிறத்தில்தான் வரும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

மணியத்திடம் சொன்னேன். மறுநாள் அவர் ஸ்டோரிலிருந்து, எசிட்டைச் சோதிக்கும் நிறம் மாறுகிற தாளில் ஒரு துண்டு கொண்டுவந்து எங்கள் வாளித் தண்ணீரில் நனைத்தார். தாளைப் பார்த்துவிட்டு, “நம்ம தண்ணி புளிப்புலா. ஸ்டோருல ஊத்துறோமே எசிட்டு, அதோட தம்பி மாதிரி இருக்கு” என்றார்.

புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுவிடும். அளவாக நான் போட்ட சோடாவைத் தண்ணீரே தின்றிருக்கிறது. சாயத்தைப் பிடித்துக் கட்ட எதுவும் மிச்சமில்லை. எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவுதான். படித்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் மழை பெய்தது. கூரைத் தகரத்தின் அடியில், வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் வைத்தேன். பக்கத்து வீட்டு வாளிகளையும் கேட்டு வாங்கினேன். மழைத் தண்ணீரில் போட்ட துண்டை ஏழு தடவை அலசினேன், சோப்புப் போட்டு வெந்நீரிலும் கசக்கினேன். பச்சை அப்படியே நின்றது.

4. நீலக் கால்

துண்டு வேறு, முழு உறை வேறு. மூன்று பேர் உட்காரும் நாற்காலியின் உறை தண்ணீர் குடித்தால் ஓர் ஆள் கனம் வரும். அதைக் குச்சியால் கிண்ட முடியாது. கிண்டாவிட்டால் மடிப்பில் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் டிரம்முக்குள் இறங்கி, நெல் மிதிக்கிற மாதிரி மிதித்தேன்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. தலை சாய்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊறிக் கிடந்தது. எண்ணெய் உள்ள இடத்தில் சாயம் ஏறாது, தலை வடிவத்தில் வெள்ளையாக நிற்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து எடுத்த பிறகுதான் சாயத்தில் விட்டேன். ஜன்னல் பக்கத்து வெயில் கோடுகள் மறைய வேண்டும் என்பதற்காகத் தூளைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அம்மா கேட்டதும் கடும் நிறம்தானே.

மறுநாள் கடைக்குப் போனபோது கணுக்கால் வரைக்கும் நீலம். சேலையை இறக்கிக் கட்டியும் பயனில்லை. மெஷினின் பெடலை மிதிக்கிற வேலைக்காரிக்குக் காலை எங்கே ஒளிப்பது? தவுக்கே குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி, கால் ஏன் நீலம்? சாக்கிட் ஆ?”

நோயா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வாடிக்கையாளரை நான் பின்வாசலால் போய்ப் பிடித்திருக்கிறேன். வெயில் தின்ற நிறத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவருடைய சோற்றில் கை வைப்பது போலத்தான். வேலை போனால் பிறகு பால்வெட்டுதான். ஆனால் நீலக் காலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொய் சொல்வது? நடந்ததைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. துண்டு இருக்கிறதா என்று கேட்டார். பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பாதி சாம்பல், பாதி பச்சை. நகத்தால் சுரண்டினார். கட்டை விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்து, தன் வெள்ளை பனியனில் அழுத்தினார். பனியனில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பழைய துணியைப் பிரிக்கும்போது நான் பார்க்கிற அதே பார்வை.

நீலத்தை மட்டுமா போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சாயம் அந்த அம்மாவின் சட்டையில் ஒட்டாவிட்டால் தான் ஒன்றும் பேசப் போவதில்லை என்றும், ஒட்டினால் கடையின் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

5. வெள்ளைத் தையல்

காய்ந்த உறைகளைக் கொடியிலிருந்து எடுக்கும்போதுதான் அதைப் பார்த்தேன்.

துணி கரும்பச்சையாக, வாங்கிய நாள் மாதிரி இருந்தது. ஆனால் உட்காரும் இடத்தின் முன்விளிம்பு, கைப்பிடி ஓரம், முதுகின் மேல்விளிம்பு எங்கும் இரட்டைத் தையல் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றது. கரும்பலகையில் சாக்குக்கட்டியால் வரைந்த மாதிரி.

கையில் எடுத்ததும் புரிந்துவிட்டது. எங்கள் கடை நூல் அது. நான் சேர்வதற்கு முன்னால் எங்கள் கடையிலேயே இந்த உறைகளுக்கு ஓரத் தையல் மறுபடி போட்டிருக்கிறார்கள். அப்போதே வெளிறியிருந்த துணிக்குப் பொருத்தமாக வெளிர் நூல். பொலியெஸ்டர் நூல். இந்தச் சாயம் பருத்தியைத்தான் பிடிக்கும், பொலியெஸ்டரைத் தொடாது. நான் சோதனைக்கு வெட்டியது தையல் இல்லாத வெறும் துணி. துணியைச் சோதித்தேன், உறையைச் சோதிக்கவில்லை.

பிரித்து மறுபடி தைக்க நாள் இல்லை. மறுநாள் கொடுத்தாக வேண்டும். அழுகை வந்தது. உள்ளதைச் சொல்லி, நாற்காலியில் மாட்டி அளவு பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வந்து பிரித்துத் தைப்பது என்று முடிவு செய்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாலையோரம் பாசனக் கால்வாய், அதைத் தாண்டி வயல். அந்த வீட்டின் முன்னால் பழைய மோரிஸ் கார் நின்றது. உள்ளே பளபளவென்று துடைத்த சிமெண்டுத் தரை. புவனேஸ்வரி அம்மா உறையைப் பிரித்துப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெள்ளைத் தையலைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மாட்டுவோம், மாட்டுவோம் என்று அவசரப்பட்டார். உறை லேசாக ஈரமாக இருக்கும்போதே மாட்டினால் இழுத்துக்கொண்டு சுருக்கமில்லாமல் உட்காரும் என்பதால், தண்ணீர் தெளித்து மாட்டினோம்.

அப்போது கிராணி ஐயா பின்பக்கத்திலிருந்து வந்தார். உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, நீளக் கால்சட்டை. நான் அவருக்கு நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். வணக்கம் சொல்லவும் செய்தேன். அவர் என் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி, அலமாரியைப் பார்த்துச் சிரித்தார். யார் வந்திருக்கிறது என்று கேட்டார். சுவரோரமாக விரல்நுனி உரச நடந்து வாசல் பக்கம் போனார். அவர் வெளியே போனதும் அந்த அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

ஐயாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பார்வை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் உட்காரப் போய், நாற்காலியின் விளிம்பு தரையோடு ஒன்றாகத் தெரிந்து, கீழே விழுந்திருக்கிறார். தரை வழுக்குகிறது என்று சொல்லிவிட்டாராம். கேட்டால் அவமானப்படுவார் என்று அந்த அம்மாவும் ஆமாம், வழுக்குகிறது என்று சொல்லியிருக்கிறார். புதுத் துணி போட்டால் ஏன் மாற்றினாய் என்று கேள்வி வரும். தடவினால் பழைய துணி, கண்ணுக்கு மட்டும் இருட்டு நிறம் என்றால் அவருக்கே தெரியாமல் அவருக்கு உதவும் என்பது அந்த அம்மாவின் கணக்கு.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாசலில் கார் நிற்கிறதே, அதை யார் ஓட்டுவது?

“அவர்தான்” என்றார். “சனிக்கிழமை தஞ்சோங் காராங் சந்தைக்கு. நான் பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டே போவன். அந்தா பார், எவ்வளவு பெரிய லோரி வருது எண்டு சொல்லுவன். வாய்க்கால்லை தண்ணி கூடிப் போச்சு, கரைக்குக் கிட்ட வந்திட்டுது எண்டு சொல்லுவன். கேட்டுக் கேட்டு அவர் காரைத் திருப்புவார். அவருக்குத் தெரியாமல்தான் சொல்லுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

அதைச் சொல்லும்போது அவர் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. கடைக்கு அவர் ஏன் பஸ்ஸில் வந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் முன்னறைக்கு வந்தபோது ஐயா சோபாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, முன்விளிம்பில் ஒரு விரலை வைத்து, தையலின் மேலேயே இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டு போனார். கைப்பிடி வந்ததும் அதன் வளைவில் விரல் ஏறியது. துளிகூடத் தடுமாறவில்லை.

“இந்த வெள்ளைக் கோடு ஆர் போட்டது?”

“நூலு சாயம் புடிக்கலங்க ஐயா. என் தப்புதான். எடுத்துட்டுப் போயி வேற நூலுல தைச்சிக் குடுத்துடுறேன்.”

“வேண்டாம்” என்றார். விரல் இன்னும் கோட்டின் மேலேயே இருந்தது. “எனக்கு அது தெரியுது.”

அவர் திரும்பி, கை வைத்துத் தடவாமல், நேராக உட்கார்ந்தார். அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இருட்டு நிறத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது என்று சொன்னபோது, மற்றது எதுவும் தெரியவில்லை என்பதையும் ஐயா சேர்த்தே சொல்லிவிட்டார். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் விடைபெற்றேன். டவுனுக்கு அடுத்த பஸ் வர நேரமிருக்கிறதே என்றார் ஐயா. வழக்கமாக விருந்தாளிகளை அவரே காரில் கொண்டுபோய் விடுவாராம். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்ச் சாவியை எடுத்துவிட்டது. சாவி கையில், கால் வாசலைப் பார்த்து. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், ஆனால் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள் சொல்ல லோரியும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

ஐயா அடி எடுத்து வைக்கவில்லை. சாவியை மனைவி இருந்த பக்கம் நீட்டினார்.

“நீர் காரிலை ஏன் அவ்வளவு கதைக்கிறனீர் எண்டு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு என் பக்கம், “பிள்ளை, பஸ்ஸிலை போறீரோ?” என்று கேட்டார்.

போகிறேன் ஐயா என்றேன்.

6. பிறகு

அடுத்த வாரமே அந்த அம்மா அவரைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இடது கண்ணுக்கு நாள் கடந்துவிட்டது என்றார்களாம். வலது கண்ணின் பார்வையை ஓரளவுக்கு நிறுத்தி வைத்தார்கள். காரை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அவருடைய பழைய தோட்டத்திலிருந்து வந்த ஒருவர்.

சில மாதம் கழித்து இருவரும் பஸ்ஸில் கடைக்கு வந்தார்கள். அவர் கை அந்த அம்மாவின் தோளில் இருந்தது, யாரிடமும் மறைக்காமல். வாசற்படி விரிப்புக்கும் மேசை விரிப்புக்கும் அதே மாதிரி வெள்ளை விளிம்பு வேண்டுமாம். ஐயா தவுக்கேயிடம் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசி, உங்கள் நூல் முதல் தரம் என்று கை குலுக்கினார். சாயம் பிடிக்காத நூலை யாராவது பாராட்டுவார்களா என்று தவுக்கேக்குக் குழப்பம். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் கதையைக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, கடையின் பின்கட்டில் மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி கட்டச் சொன்னார். சாயம் போடும் வேலை அன்றிலிருந்து கடையின் வேலைகளில் ஒன்றானது.

அதன் பிறகு எத்தனையோ உறைகளுக்குச் சாயம் போட்டேன். கெட்டுப்போனவையும் உண்டு. ஒரு தடவை சிவப்பு போட்டு ஊதா வந்தது, ஏன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்டால், சோதனைத் துண்டைத் தையலோடு சேர்த்து வெட்டுங்கள், நீங்கள் குடிக்கிற தண்ணீரைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்வேன். அதையெல்லாம் கெடுத்துக் கெடுத்து நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

கெடுத்துக் கற்றுக்கொள்ள முடியாதது ஒன்றுதான். அந்த அம்மாவிடம் அன்று பஸ் நிலையத்தில் என்ன நிறம் என்று மட்டும்தான் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எல்லாம் இருந்தது, நான் மேலே கேட்கவில்லை. அதற்குப் பிறகு நிறப் புத்தகத்தை விரிப்பதற்கு முன்னால், இந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்களும் மெஷினை நிறுத்திவிடுங்கள்.